நைனா என்றால் அப்பா

பீம்ராவைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே எனக்கு வசவுதான் முதலில் வாயில் வருகிறது. அவனை அல்ல, அவனை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர்களை. ராயபுரம் கல்மண்டபத்தில் கயிறு, சங்கிலி, கப்பி விற்கிற கடை எங்களுடையது. விசைப்படகுக்காரர்களும் டிரெய்லர் ஓட்டுகிறவர்களும் வந்து பேரம் பேசுகிற இடத்தில் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து என் வாய் நீண்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நீளட்டும். இந்த விஷயத்தில் வாயை அடக்கி நல்ல பெயர் வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன்?

என் பெயர் ஞானபாக்கியம். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தவள். பீம்ராவ் புளியந்தோப்புக்காரன். இருபது வயதைத் தாண்டிய பிறகு எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தான். ஆள் நெட்டை. பரணில் கிடக்கிற சங்கிலிச் சுருளை ஏணி போடாமல் எட்டி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவான். வருகிற ஒருவரையும் சிரிக்க வைக்காமல் அனுப்ப மாட்டான். சம்பளத்தில் பாதி சட்டைக்கே போகும். ஏல, நீ வேலைக்கு வாரியா, பெண் பார்க்க வாரியா என்று நான் கேட்டால், ரெண்டுக்கும்தான்க்கா என்பான்.

அவனுடைய அப்பா அப்பாவு, துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் புத்தர் படம் ஒன்று, அம்பேத்கர் படம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவர் வேலையில் சேர்ந்த அன்று காக்கி யூனிஃபாரத்தோடு எடுத்த படம் ஒன்று. அவரிடம் அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. எங்க ஆளுங்களை எவனும் மனுசனாவே பார்க்கல, ஆபீசுல நாற்காலி போட்டு உட்கார வெச்சது கவுருமெண்டு, அந்தச் சட்டத்தை எழுதினது எங்க ஆளு என்பார். லஞ்சம் வாங்குகிறார்களே, அடிக்கிறார்களே என்று நான் சண்டைக்குப் போவேன். அது ஆளுங்க தப்பு, கவுருமெண்டு தப்பு இல்லம்மா என்று முடித்துவிடுவார். நானும் பல தடவை முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த அப்பாவைத்தான் பீம்ராவ் நைனா என்று கூப்பிடுவான். இந்த வார்த்தையை இங்கேயே விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் இதில்தான் வந்தது. வட சென்னையில் நைனா என்றால் அப்பா. அதோடு நிற்காது. தோஸ்தும் நைனாதான், பஸ் கண்டக்டரும் நைனாதான், அழுகிற குழந்தையைக்கூட இன்னா நைனா என்று கொஞ்சுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமெல்லாம் நைனா என்பது ஆள் பெயர். நைனா முகமது என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். நான் வந்த புதிதில் யாரோ ஒரு படகுக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, இன்னா நைனா, கயிறு வந்துச்சா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, அண்ணாச்சி, இவுக பெயர் நைனா இல்லை, நீங்க ஆள் மாறி வந்துட்டீக என்றேன். கடையே உருண்டு சிரித்தது. அந்த வாரம் பூராவும் எல்லோரும் என் வீட்டுக்காரரை நைனா முகமது என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் செய்த தப்புக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்பு. அதே தப்பை வேறொருவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு செய்தான்.

பீம்ராவ் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனான். கப்பல் பழுதுபார்க்கிற யார்டில், கனத்த சாமான்களுக்குக் கயிறு கட்டித் தூக்கி இறக்குகிற வேலை. எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று எங்கள் வக்கீல் மதி சொல்லியிருக்கிறாள், அதனால் விடுகிறேன். அங்கிருந்து வாராவாரம் ஜெரிக்குப் போன் போடுவான். ஜெரி அவனுடைய தோஸ்து, காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் கடையில் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். நானே கேட்டிருக்கிறேன். நைனாவுக்குத் துட்டு அனுப்பிட்டேன். இந்த வேலை முடியட்டும். நைனா சொன்னா அடுத்த நாளே கிளம்பிடுவேன். நைனாகிட்ட நீ ஒன்னியும் சொல்லாத, நானே பேசிக்கிறேன். இவ்வளவுதான் பேச்சு. நடுநடுவே ஜெரியையும் நைனா என்பான். கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா ஒரு பெண்ணைச் சொல்கிறார், இவன் வேறு ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறான், அதுதான் அந்த ரகசியம்.

அந்த யார்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையில் ஒருநாள் குண்டு வெடித்தது. பலர் செத்தார்கள். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் வேலை செய்தவர்களின் போன் பேச்சையெல்லாம் தோண்டி எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதிக் கொடுக்க எவனோ ஒரு தமிழன் உட்கார்ந்திருக்கிறான். நைனா என்று ஒரு தலைவன் இருக்கிறான், அவனுக்குப் பணம் போகிறது, அவன் சொன்னால் இவன் கிளம்புவான், ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று எழுதிவிட்டான். வேற்று மொழிக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. இதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், வட சென்னை தெரியாமல் இருக்க வேண்டும்.

விசாவில் ஏதோ சிக்கல், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் பீம்ராவை அறையிலிருந்து அழைத்துப் போனார்கள். வண்டிக்குள் ஏறியதும் தலையில் பையைப் போட்டுக் கட்டினார்கள். காதை அடைத்தார்கள். விமானத்தில் ஏற்றித் தரையில் படுக்கவைத்துக் கட்டினார்கள். இறங்கிய நாடு எது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. குளிர் நாடு என்கிறான், அவ்வளவுதான். எந்த வழக்கும் இல்லை, எந்தக் கோர்ட்டும் இல்லை, யாருக்கும் தகவல் இல்லை. ஒரு நாட்டுக்காரன் பிடித்து இன்னொரு நாட்டுக்காரனிடம் மூட்டையைப் போல இறக்கிவிட்டான்.

அங்கே ஒரே கேள்விதான். நைனா யார்? என் அப்பா என்று இவன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். பொய் என்று அடித்திருக்கிறார்கள். போனில் பேசிய ஜெரியையும் நைனா என்கிறாயே, அப்படியானால் உனக்கு எத்தனை அப்பா என்று கேட்டிருக்கிறார்கள். இவன் என்ன சொல்லுவான்? எங்க ஊர்ல எல்லாரும் நைனாதான் என்று சொன்னானாம். அதற்கும் அடி. கையைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவன் என்னிடம் சொன்னதில் பாதியைத்தான் எழுதுகிறேன். மீதியை எழுத எனக்குத் தைரியம் இல்லை, அவனுக்கும் நான் எழுதுவதில் இஷ்டம் இல்லை.

இவ்வளவையும்கூட, அந்நியன் செய்தான் என்று ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். அப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் அவனைக் குளிக்கவைத்து வேறு அறையில் உட்காரவைத்தார்கள். தலைப்பையைக் கழற்றினால் எதிரே ஒருவர். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை. சாப்பிட்டியா தம்பி என்று கேட்டாராம். தமிழில். எத்தனையோ நாள் கழித்துக் காதில் விழுந்த முதல் தமிழ். பீம்ராவ் மேசை மேல் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதிருக்கிறான். அவர் தன் பெயர் கருணாகரன் என்றும், நம் அரசாங்கம்தான் தன்னை அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னாராம். பெயர் பொய்யாகத்தான் இருக்கும். டீ வரவழைத்துக் கொடுத்தாராம்.

பீம்ராவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சார், நைனான்னா அப்பா சார், இவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது சார் என்று கெஞ்சியிருக்கிறான். அதற்கு அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை பீம்ராவ் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். ஒரு எழுத்து மாறாமல் சொல்லுவான்.

"எனக்குத் தெரியாதா தம்பி? நான் பொண்ணு எடுத்ததே ராயபுரத்துலதான். என் மாமனாரை என் சம்சாரம் நைனான்னுதான் கூப்பிடுவா."

பார்த்தீர்களா? அவருக்குத் தெரியும். போன் பேச்சை எழுதிக் கொடுத்தவன் தெரியாமல் செய்தான் என்றால், இவர் தெரிந்த ஆள். அப்பா பெயர் என்ன, எங்கே வேலை பார்த்தார், வீடு எந்த பிளாக், எந்த மாடி, காலையில் எத்தனை மணிக்கு வெளியே போவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ஊருக்குத் தகவல் சொல்லத்தான் கேட்கிறார் என்று இவன் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். நைனா பால் வாங்கப் போகிற கடையைக்கூடச் சொன்னானாம். போகும்போது அவர் இவன் தோளில் தட்டி, கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

இங்கே அப்பாவு காலையில் பால் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. மஃப்டியில் இருந்த ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீஞ்சூர் தாண்டி ஏதோ ஒரு பூட்டிக் கிடந்த கட்டடம். நீதானே நைனா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த அப்பாவி மனுஷன், ஆமா சார், நான்தான் நைனா என்று சொல்லியிருக்கிறார். பின்னே, வேறு என்ன சொல்லுவார்? உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். கன்னத்தில் அறைந்ததில் இடது காது போயிற்று. உன் பிள்ளைதான் உன்னைக் காட்டிக்கொடுத்தான், நீதான் தலைவன் என்று அவனே சொல்லிவிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் இந்தக் கிழவனிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே சொன்னால் பென்ஷன் நின்றுபோகும் என்று ஒரு மிரட்டல் வேறு.

அவர் மனைவி கெங்கம்மா அழுதுகொண்டே கடைக்கு ஓடிவந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாங்க, கேஸ் கொடுப்போம் என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"இன்னாத்துக்கும்மா கேஸு? அவங்க டூட்டிய அவங்க செஞ்சாங்க. தகவல் குட்த்தது யாரு? எம்புள்ள. கவுருமெண்டு ஒன்னியும் இல்லாம சொம்மா வந்து புட்சிக்கினு போவுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் காலைப் பார்த்துவிட்டு அந்த மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை. கெங்கம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பீம்ராவ் எங்கே என்று அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கம்பெனியில் கேட்டால் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றார்கள். கெங்கம்மா மனு கொடுத்த அலுவலகத்தில் ஒருவர், உங்க பையன் அங்கே யாரையாவது கட்டிக்கொண்டு நன்றாக இருப்பான், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றாராம். அவர்கள் ஆள் போய் அவனோடு டீ குடித்துவிட்டு வந்த பிறகு சொன்ன பதில் இது.

சில வருஷம் கழித்து, நாட்டில் கொரோனா வருவதற்கு முந்தின குளிர்காலத்தில், அவனை விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை. ஒரு சட்டை, ஒரு பேன்ட், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு தாள். விமான நிலையத்தில் நம் ஆட்கள், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அவனையே கேட்டார்களாம். நேராகப் புளியந்தோப்புக்குப் போயிருக்கிறான். அப்பாவு கதவைப் பாதி திறந்து பார்த்தார்.

"என்னிய மாட்டி வுட்டவன் எனுக்குப் புள்ள இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அங்கிருந்து எங்கள் கடைக்கு வந்தான். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. யாரோ உதவி கேட்டு வந்த ஆள் என்று நினைத்து, என்ன வேணும் என்றேன். யக்கா என்றான். குரல் மட்டும்தான் பழைய பீம்ராவ். அப்பா அடிபட்ட கதையை நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, அந்தக் கருணாகரன் எத்தைக் கேட்டாரோ அத்த எல்லாம் சொன்னேன்க்கா, பால் கடையைக்கூடச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. குனிந்துதான் அடித்துக்கொண்டான்.

கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் அவனுக்கு இடம் கொடுத்தோம். பரணில் இருக்கிற சாமானை எல்லாம் கீழே இறக்கிவைத்தோம், அவனுக்கு எட்டுகிற உயரத்தில். சிரிப்பு, சட்டை எல்லாம் போயிற்று. கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டபோது அவனால் மட்டும் முடியவில்லை. மூக்கை மூடினால் மூச்சு முட்டி விழுந்துவிடுவான். கல்மண்டபம் சிக்னலில் ஒரு கான்ஸ்டபிள் பிடித்து அபராதம் போட்டு, படிச்சுப் படிச்சுச் சொல்றோம், அறிவு இல்லையா என்று சத்தம் போட்டார். நான் கல்லாவை விட்டு இறங்கிப் போய், முகத்தில் துணியைப் போட்டு அவனைச் சித்திரவதை செய்தவர்கள் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தவர் உங்கள் மேலதிகாரிதான், போய் அவரிடம் அபராதம் கேளுங்கள் என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்.

கெங்கம்மா தினமும் சாப்பாடு கொண்டுவருவாள். அவளிடம் அவன் கேட்பது ஒன்றுதான். நைனா எதனா சொன்னாரா? அவள் இல்லை என்பாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட உட்காருவான்.

வக்கீல் மதி வியாசர்பாடிப் பெண். சின்ன வயசு, ஆனால் யாருக்கும் பயப்பட மாட்டாள். விஷயத்தைக் கேள்விப்பட்டு அவளே வந்தாள். வழக்குப் போடுவோம், கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்போம் என்றாள். பீம்ராவ் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"துட்டு வேணாம் மேடம். அந்தக் கருணாகரன் வந்தாரு, நான் நைனான்னா எங்கப்பான்னுதான் சொன்னேன்னு கவுருமெண்டு ஒரே ஒரு வாட்டி சொல்ட்டும். எங்க நைனா கவுருமெண்டு சொன்னாத்தான் நம்புவாரு."

மதி என்னைப் பார்த்தாள். அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஒரு நாட்டுக்கு அதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு துறை இன்னொரு துறையைக் கேட்கச் சொன்னது. எந்த நாட்டில் அடைக்கப்பட்டிருந்தார் என்பதை மனுதாரர் குறிப்பிடவில்லை என்று ஒரு பதில் வந்தது. தலையில் பையைப் போட்டுக் கொண்டுபோய்விட்டு, எந்த ஊருக்குப் போனாய் என்று அவனிடமே கேட்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு நான் யாருக்கும் சாமான் விற்கவில்லை. வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வா என்று விரட்டிவிட்டேன். அப்பாவுவிடம் அவருக்கு நடந்ததைச் சொல்லி ஒரு வாக்குமூலம் கொடுங்கள் என்று மதி போய்க் கேட்டாள். முடியாது என்றுவிட்டார். ஆனால் கடைசி விசாரணை நாளன்றைக்குத் தானே கோர்ட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஏன் என்று கெங்கம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. ஜட்ஜி முன்னால கவுருமெண்டு பொய் சொல்லாது, அவன் சொன்னது நிசமா பொய்யா அன்னிக்கித் தெரிஞ்சிடும் என்றாராம். மகனுடைய பொய் அம்பலமாவதைப் பார்க்கத்தான் வந்தார்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பாதத்தைத் தரையில் முழுசாக வைக்க முடியாமல் ஓரமாக ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். மகன் உட்கார்ந்த வரிசையில் உட்காரவில்லை. கேட்கிற காதை ஜட்ஜ் பக்கம் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பீம்ராவ் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். நாங்கள் எந்த அதிகாரியையும் அனுப்பவில்லை, கருணாகரன் என்ற பெயரில் யாரும் இல்லை, மனுதாரர் தானாகவே காணாமல் போனவர். எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். நான் பீம்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். மனுதாரருடைய தந்தையையும் அழைத்துப் போய் அடித்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு என்ன பதில் என்று கேட்டார். அந்தத் தந்தை இங்கேயே வந்திருக்கிறார் என்று மதி எழுந்து சொன்னாள். அப்படியானால் அவருக்கும் புரிகிற மாதிரி தமிழிலேயே சொல்லுங்கள் என்றார் ஜட்ஜ்.

அரசு வக்கீல் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அப்புறம் அப்பாவு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், நல்ல தெளிவான தமிழில் சொன்னார்.

"அப்பாவு என்பவரை எந்தத் துறையும், எந்த நாளிலும் அழைத்துச் செல்லவில்லை. அவரை யாரும் விசாரிக்கவும் இல்லை, அவர்மீது கை வைக்கவும் இல்லை. இது அரசின் நிலைப்பாடு."

அப்பாவு எழுந்து நின்றார். அங்கே நின்ற கோர்ட் டவாலி உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தார். கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசு வக்கீல் ஒட்டிய உறை ஒன்றை ஜட்ஜிடம் கொடுத்தார், நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றார். ஜட்ஜ் அதைப் பிரித்துப் படித்தார். எங்களுக்குக் காட்டவில்லை. ஆதாரம் இல்லாததால் இந்த மனுவில் மேற்கொண்டு எதுவும் செய்வதற்கில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். மதிக்குக் கண் சிவந்திருந்தது. மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, தீர்ப்பு நகல் விசாரிக்க உள்ளே போனாள். எனக்கு யாரையாவது நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. யாரைக் கேட்பது? பீம்ராவ் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றான். அவன் கேட்ட அந்த ஒரு வாக்கியம் இனி வரப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்பாவு மெதுவாக நடந்து வந்தார். என்னைத் தாண்டிப் போகிறவர் நின்று, என்னிடம் சொல்லுவது போலத்தான் பேசினார்.

"இந்தக் காலோட நான் குந்திகினு இருக்கப்பவே கவுருமெண்டு சொல்லிச்சும்மா. ஜட்ஜி முன்னாடி. தமில்லயே சொல்லிச்சு."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீடு வாசல் எரிந்துபோனவர்கள்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என்னை அடிக்கலன்னு சொல்ற கவுருமெண்டுதானே, எம்புள்ள என்னக் காட்டிக் குட்த்தான்னும் சொல்லிச்சு என்று முணுமுணுத்தார். எத்தனை வருஷம், எத்தனை வருஷம் என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் மகன் நின்ற இடத்துக்குப் போனார். அப்பா அடிக்கப்போகிறார் என்று பீம்ராவ் நினைத்தானோ என்னவோ, ஓரடி பின்னால் வைத்தான். அவன் திரும்பி வந்த நாளிலிருந்து எத்தனை அதிகாரிகள், எத்தனை வக்கீல்கள், எத்தனை விசாரணை. தேதி கேட்டார்கள், நாடு கேட்டார்கள், ஆதாரம் கேட்டார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அப்பாவு அவன் தொங்கிக் கிடந்த தோளை ஒரு விரலால் தொட்டார்.

"ரொம்ப அட்ச்சானுங்களாடா?"

பீம்ராவ் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.